வளவுச் செடியும் வீட்டு நாயும்
நஞ்சை அறிந்து உயிரைக் காக்கும் பாடம்

தோபித்து நூலை வாசித்தவர்களுக்கு அதில் வரும் நாய் ஞாபகம் இருக்கும். தோபித்துவின் குடும்பம் சொந்த ஊரில் வாழ்ந்த குடும்பம் அல்ல. நப்தலி குலத்தாரின் நிலத்திலிருந்து நினிவே நகருக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்ட குடும்பம் அது. அந்த வீட்டின் மகன் தோபியா, தந்தையின் பணத்தைப் பெற்றுவரத் தூர நாட்டுக்குப் புறப்பட்டபோது வானதூதர் இரபேல் துணையாகப் போனார். வீட்டு நாயும் பின்னால் போனது. திரும்பி வரும் வழியிலும் அது கூடவே வந்தது. அதற்குப் பெயர் சொல்லப்படவில்லை. அது பெரிய காரியம் எதையும் செய்ததாகவும் எழுதப்படவில்லை. ஊர் இழந்த ஒரு வீட்டில் நாயும் ஓர் ஆள் என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது.

நம்முடைய குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களும், 1995 ஒக்ரோபர் 30இல் தென்மராட்சியை நோக்கி நடந்த பெருங்கூட்டத்தில் இருந்தவர்களும், படலையடியில் விட்டுவந்த நாயைப் பற்றி இன்றும் கதைப்பதுண்டு. 2009இற்குப் பின்னர் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதியும் திரும்பக் கிடைத்தது. இன்னமும் காணி கிடைக்காமல் உறவினர் வளவிலும் வாடகைக் காணியிலும் இருப்போர் உள்ளனர். எங்கே இருந்தாலும் வெங்காயத் தறைக்குக் காவல் நாய்தான். கோழிக்கூட்டுக்கு மரநாய் வந்தாலும், முற்றத்தில் பாம்பு ஊர்ந்தாலும், இருட்டில் ஆள் நடமாடினாலும் முதலில் குரல் கொடுப்பது அதுவே.

அந்த நாய் ஒருநாள் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "பாம்பு கடித்துவிட்டது" என்போம். அல்லது "பக்கத்து வளவுக்காரர் நஞ்சு வைத்துவிட்டார்" என்போம். இரண்டாவது சொல்தான் ஆபத்தானது. பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் நெருக்கமாகக் குடியிருக்கும் இடத்தில், ஒரு நாயின் சாவு இரண்டு வீடுகளைப் பல வருடம் கதையாமல் ஆக்கிவிடும். நஞ்சு வைப்பவர்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அயலவரைச் சந்தேகிக்க முன்னர் நம்முடைய வளவைப் பார்க்க வேண்டும். நாயைக் கொல்லக்கூடிய செடிகள் நம் வேலியிலும், விறாந்தைப் பூச்சாடியிலும், தோட்டத்திலும், குசினியிலும் இருக்கின்றன. அவற்றை அறிந்து வைத்திருப்பதே இந்தப் பாடத்தின் நோக்கம். நாயைக் கொல்லும் வேலிச் செடி தவழும் பிள்ளையையும் கொல்லும் என்பதால் இது நாய் வளர்க்காதவர்களுக்கும் உரிய பாடம்.

நாய் ஏன் செடியைத் தின்கிறது?

"நாய் இறைச்சி தின்னும் பிராணி, அது ஏன் இலை தின்னப் போகிறது?" என்று சிலர் கேட்கலாம். காரணங்கள் நான்கு.

முதலாவது, குட்டிகள். பல் முளைக்கும் பருவத்தில் நாய்க்குட்டி அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். செருப்பைக் கடிப்பதுபோலவே பூச்சாடிச் செடியையும் அலரிக் கொட்டையையும் கடிக்கும்.

இரண்டாவது, பசி. வீட்டாருக்கே சாப்பாடு குறைந்த காலத்தில் நாய்க்குக் கிடைப்பது இன்னும் குறைவு. பசித்த நாய் குப்பையைக் கிளறும்; பசளைக்குப் போட்ட பிண்ணாக்கையும் தோண்டித் தின்னும்.

மூன்றாவது, கட்டிவைத்தல். புதிய இடத்துக்குப் போனதும், நாய் ஓடிவிடும் என்று கட்டிவைக்கிறோம். கட்டிய இடத்தில் ஒரு செடி நின்றால், வேறு வேலையில்லாத நாய் அதைக் கடித்துக் குதறும்.

நான்காவது, வெட்டிப் போட்ட கிளைகள். உயிரோடு நிற்கும் செடியின் கசப்பும் பாலும் விலங்கை ஓரளவு தடுக்கும். வெட்டி வாடியபின் அந்தத் தடை குறைகிறது. ஆனால் நஞ்சு குறைவதில்லை. பல வருடம் பற்றைபிடித்துக் கிடந்த வளவைத் துப்புரவு செய்வோர் இதை மறக்கக்கூடாது.

வேலியிலும் முற்றத்திலும்

1. அலரி. நமக்கு மிகவும் தெரிந்த நஞ்சு மரம் இதுதான். மஞ்சள் பூப் பூக்கும் அலரி மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய பகுதிகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. தண்ணீர் குறைந்த நிலத்திலும் தளைத்து நிற்கும், பூசைக்குப் பூக் கொடுக்கும், ஆடு கடிக்காது. ஆகவே வேலிக்கு நல்லதென்று நட்டோம். ஆடு ஏன் கடிப்பதில்லை என்று எவரும் கேட்கவில்லை. வேர், பட்டை, இலை, பூ, பால், கொட்டை எல்லாவற்றிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. கொட்டையில் அது மிக அதிகம். சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்புப் பூப் பூக்கும் செவ்வலரி வேறு இனச் செடி. அதிலும் இதே வகை நஞ்சுதான். காய்ந்த இலையிலும் அது அழியாது. அலரிப்பூக் கொத்து வைத்த பாத்திரத்துத் தண்ணீரைக் குடித்தாலும் நாய்க்கு ஆபத்து.

அறிகுறிகள்: வாந்தி, வாயூறல், வயிற்றோட்டம், சோர்வு, தள்ளாட்டம். இதயம் மெதுவாகவோ ஒழுங்கற்றோ துடிக்கும். நாய் திடீரென விழுந்து சாகவும் கூடும்.

2. ஆமணக்கு. பற்றைக் காணிகளில் தானாக முளைத்து நிற்கும். விதையில் உள்ள நஞ்சு உடலின் கலங்களைக் கொல்வது. முழுவதாக விழுங்கிய விதை சிலவேளை அப்படியே வெளியேறிவிடும். கடித்து நொறுக்கினால்தான் நஞ்சு வெளிவரும். நம் ஆச்சிமார் குடிக்கத் தந்த ஆமணக்கெண்ணெய் இதே விதையிலிருந்துதானே வந்தது என்று கேட்பீர்கள். அந்த நஞ்சு எண்ணெயில் கரையாது. எண்ணெய் எடுத்தபின் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். சூடுகாட்டி நஞ்சு முறிக்காத ஆமணக்கம் பிண்ணாக்கைப் பசளையாகப் போட்டால், மணத்துக்கு வந்து நாய் தோண்டித் தின்னும். அறிகுறிகள் தொடங்கச் சில மணி நேரமோ ஒரு நாளோ செல்லலாம்: வாந்தி, குருதி கலந்த வயிற்றோட்டம், கடும் சோர்வு.

3. கார்த்திகைப்பூ. மாரி தொடங்கியதும் வேலியில் படர்ந்து பூக்கும் அழகான கொடி. செடி முழுவதும் நஞ்சு. கிழங்கில் மிக அதிகம். மண்ணைக் கிளறும் நாய் கிழங்கைக் கடித்துவிடலாம். வத்தாளங்கிழங்கென்று நினைத்து மனிதர் அவித்துத் தின்ற சம்பவங்களும் இலங்கையில் நடந்துள்ளன. அவிப்பதால் இந்த நஞ்சு போகாது. சில மணி நேரத்தின் பின்னரே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அதற்குள் நஞ்சு உடலில் பரவிவிடும்.

4. சைக்கஸ். புதிய வீடுகளின் முற்றத்தில் அழகுக்கு வைக்கப்படுவது. சிறு பனைபோல் தோன்றும்; இதன் ஓலையை மலர்வளையம் கட்டவும் வெட்டுவார்கள். ஆனால் இது பனையினம் அல்ல. பனங்கொட்டையைச் சூப்பிப் பழகிய நாய்க்கு இந்த வேறுபாடு தெரியாது. சைக்கஸ் கொட்டையில் ஒன்றிரண்டே போதும், ஒரு நாயின் ஈரல் பழுதடைய. முதல் நாள் வாந்தி. பின்னர் தேறியதுபோல் தோன்றலாம். இரண்டு மூன்று நாட்களில் கண்ணும் முரசும் மஞ்சளாகும். அந்த நிலையில் காப்பாற்றுவது கடினம். சிறு பிள்ளைகளோ நாய்க்குட்டியோ இருக்கும் வீட்டில் இதை வைக்காமல் விடுவதே நல்லது.

5. ஊமத்தை, குன்றிமணி. ஊமத்தங்காயைத் தின்ற நாயின் கண்மணி விரிந்து நிற்கும், வாய் உலரும், வெறிபிடித்ததுபோல் அலையும். இதை விசர் என்று நினைத்து அடித்துக் கொல்லவும் கூடும். அதேவேளை உண்மையான விசர்நாயாகவும் இருக்கலாம். ஆகவே கிட்டப் போகாமல் அடைத்துவைத்து மிருக வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். குன்றிமணி விதையின் நஞ்சு ஆமணக்கு நஞ்சின் உறவு. கடித்து உடைத்தால் கொல்லும். மாலைகோக்கத் துளையிட்ட குன்றிமணி பிள்ளைகளுக்கும் விளையாட்டுப் பொருள் அல்ல.

பூச்சாடியில்

டிபன்பாக்கியா, மணி பிளான்ட் போன்ற செடிகளை விறாந்தையில் வைப்பது இப்போது வழக்கம். இவை சேம்பு, கருணைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பம். கருணைக்கிழங்கு சரியாக அவியாவிட்டால் நாக்கு எப்படிக் கடிக்கும் என்பது நமக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஊசிபோன்ற பளிங்குகள் தசையில் குத்துவதால் வரும் கடி அது. இந்தச் செடிகளிலும் அதே ஊசிகள் உண்டு. நாய் ஒருமுறை கடித்தவுடன் வாயூறல் வடித்து, முகத்தை நிலத்தில் தேய்க்கும்; நாக்கும் உதடும் வீங்கும். எரிவினால் அது தானே விட்டுவிடுவதால் சாவு அரிது. ஆனால் தொண்டை வீங்கி மூச்சு விட முடியாமற் போனால் உடனே வைத்தியம் தேவை.

கற்றாழை நமக்கு மருந்துச் செடி. அதன் தோலுக்கு அடியில் உள்ள மஞ்சட் பால் நாய்க்கு வாந்தியும் கடும் வயிற்றோட்டமும் உண்டாக்கும். குட்டி நாய்கள் வயிற்றோட்டத்தால் விரைவில் உடல் வற்றிப்போகும். சாடியை எட்டாத உயரத்தில் வைத்தால் போதும்; வெட்டி எறியத் தேவையில்லை.

தோட்டத்திலும் குசினியிலும்

இனிச் சொல்வது பலருக்குப் புதிதாக இருக்கலாம். நமது செம்மண்ணின் பெருமையான சின்ன வெங்காயம் நாய்க்கு நஞ்சு.

வெங்காயத்திலும் உள்ளியிலும் லீக்சிலும் உள்ள கந்தகச் சேர்வைகள் நாயின் குருதியிலுள்ள செங்குழியங்களை உடைக்கின்றன. மனிதருக்கு அப்படி நடப்பதில்லை. நாயின் உடல் நிறையில் இருநூறில் ஒரு பங்கு வெங்காயம் அதற்குத் தீங்கு செய்யப் போதும். பத்துக் கிலோ நாய்க்கு இது 50 கிராம். அதாவது ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயம். பச்சையாக இருந்தாலும், வதக்கியதாக இருந்தாலும், குழம்பில் கரைந்ததாக இருந்தாலும், தூளாக இருந்தாலும் நஞ்சு நஞ்சுதான். உள்ளியில் அது இன்னும் கடுமை. நாயைவிடப் பூனைக்கு இது மேலும் ஆபத்து.

கறிச்சட்டி கழுவிய தண்ணீர் விட்டுப் பிசைந்த சோற்றால் நாய் அன்றே சாவதில்லை. அதனால்தான் நாம் கவனிப்பதில்லை. அறிகுறிகள் சில நாட்கள் கழித்தே வரும்: முரசு வெளிறும், நாய் சோர்ந்து படுக்கும், கொஞ்சம் ஓடினாலும் மூச்சிரைக்கும், சிறுநீர் சிவந்து கபில நிறமாகும். "வயது போய்விட்டது" என்றோ "பூச்சி வருத்தம்" என்றோ விட்டுவிடுகிறோம். வெங்காயம் பிடுங்கும் காலத்தில் தறையில் கழித்துவிடும் அழுகல் வெங்காயக் குவியலை நாய்க்குட்டிகள் கிளறாமல் மூடவேண்டும். நாய்க்கு வைக்கும் சோற்றை, கறிக்கு வெங்காயம் போடுமுன் எடுத்துவைத்த மீன்தலை, மீன்முள் அவித்த தண்ணீரில் பிசைந்தால் செலவு கூடாது.

முந்திரிகைப் பழமும் அப்படியே. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் இஸ்ரேல் புளூ என்ற இன முந்திரிகை அதிகம். நாய்க்கு முந்திரிகையோ அதன் வற்றலோ கொடுத்தால் சிறுநீரகம் செயலிழக்கலாம். 2001ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் விலங்கு நஞ்சுத் தகவல் நிலையத்துக்கு வந்த முறைப்பாடுகளிலிருந்தே இது உலகுக்குத் தெரியவந்தது. அதில் உள்ள தாத்தாரிக் அமிலமே காரணமாகலாம் என்ற கருத்தை 2021இல் அங்குள்ள மிருக வைத்தியர்கள் முன்வைத்தனர். எல்லா நாய்க்கும் ஒரே அளவில் தாக்காது. சில நாய்களுக்குச் சில பழங்களே போதும். பழப்புளியிலும் அதே அமிலம் உண்டு. ஆகவே புளித்திரணையை நாய் தின்ன விடக்கூடாது.

புகையிலையைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. உணர்த்தும் கொட்டிலிலும் சுருட்டுத் துண்டிலும் உள்ள நிக்கொட்டின் நாயையும் ஆட்டையும் கொல்லக்கூடியது. தின்ற சிறிது நேரத்திலேயே வாந்தி, நடுக்கம், வலிப்பு தொடங்கும்.

ஆடு, மாடு வைத்திருப்போருக்கு

ஒரு விலங்கின் தீன் இன்னொன்றின் நஞ்சு. இதற்கு நம் வேலியிலேயே நல்ல உதாரணம் சீமைக்கிளுவை. அதன் தாவரவியற் பெயரான கிளிரிசிடியா என்பதற்கு இலத்தீன் மொழியில் எலிகொல்லி என்று பொருள். மத்திய அமெரிக்க மக்கள் அதன் பட்டையையும் விதையையும் எலிக்கு நஞ்சாக வைத்தார்கள். நாமோ அதன் குழையை வெட்டி ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுகிறோம்; அவை நன்றாகத் தின்று கொழுக்கின்றன. ஆகவே "ஆடு தின்றது, நாய்க்கும் ஒன்றும் செய்யாது" என்று எண்ணக்கூடாது. மாறி எண்ணவும் கூடாது.

வெங்காயத்தில் மாடு மிகவும் பாதிக்கப்படும். ஆடு ஓரளவு தாங்கும். விலை விழுந்த வருடத்தில் விற்காத வெங்காயத்தை மாட்டுக்குக் கொட்டுவது ஆபத்து. மாட்டின் சிறுநீர் சிவந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

மரவள்ளி இலையிலும் தோலிலும் சயனைட்டு உண்டாகும். பசித்த ஆடு பச்சை இலையை நிறையத் தின்றால் நிமிடக்கணக்கில் மூச்சுத் திணறி விழும். இலையைச் சிறிதாக வெட்டி நன்றாக வெயிலில் காயவைத்தால் நஞ்சு பெரிதும் குறையும். பற்றைக் காணிகளில் நிறைந்துள்ள நாயுண்ணிச் செடியை மற்றைய புல் இருக்கும்போது ஆடுமாடு தொடாது. வரட்சிக் காலத்தில் வேறு தீனின்றித் தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெடிக்கும்.

புதிய ஊருக்குக் கொண்டுவந்த ஆட்டை முதல் நாளே பசியோடு அவிழ்த்து விடாதீர்கள். வைக்கோலோ குழையோ கொடுத்து வயிறு நிறைந்தபின் மேயவிட்டால், தெரியாத செடியை அது அள்ளித் தின்னாது.

வளவு துப்புரவு செய்யும்போது

1. காணி வெடிபொருள் அகற்றப்பட்டதென்று உறுதிப்படுத்தப்பட்ட பின்னரே உள்ளே செல்லுங்கள். சந்தேகமான பொருளைத் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

2. வெட்டத் தொடங்குமுன் ஊரில் வயதான ஒருவரையும் அழைத்து வளவைச் சுற்றி நடந்து, நஞ்சுச் செடிகளை அடையாளம் வையுங்கள். பிள்ளைகளும் கூட வரட்டும். பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

3. அலரியை வெட்டும்போது கையுறையோ பொலித்தீன் பையோ மாட்டுங்கள். பால் கண்ணில் படக்கூடாது. முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

4. வெட்டிய கிளையை வழியோரத்திலோ அயலவர் வேலியடியிலோ குவிக்காதீர்கள். குழி தோண்டிப் புதையுங்கள். எரித்தால் புகையும் தீங்கு. அலரித் தடியை அடுப்புக்கோ மீன் வாட்டுவதற்கோ பாவிக்கக்கூடாது.

5. கிணற்றடியில் அலரி நின்றால் முதலில் அதை அகற்றுங்கள். உதிர்ந்த கொட்டைகளைப் பொறுக்கிப் புதையுங்கள்.

6. அந்த இடத்தில் கிளுவைக் கதியாலோ பூவரசோ நடுங்கள். வேலியும் ஆகும், குழையும் கிடைக்கும். பூவுக்குச் செவ்வரத்தை வைக்கலாம்.

7. நாயைக் கட்டும் இடத்தில் செடி எதுவும் எட்டக்கூடாது. தண்ணீர் எட்ட வேண்டும்.

நாய் நஞ்சைத் தின்றுவிட்டால்

முதலில் வாயில் மிஞ்சியிருப்பதை அகற்றுங்கள். கடிக்கும் நாயானால் கையை விடவேண்டாம். வாயைத் தண்ணீரால் கழுவுங்கள். தின்ற செடியின் ஒரு கிளையையும் கொட்டையையும் பையில் போடுங்கள். எத்தனை மணிக்குத் தின்றது, எவ்வளவு தின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாய் வாந்தி எடுத்திருந்தால் அதில் என்ன இருந்ததென்று பாருங்கள். உடனே பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்து நாயைக் கொண்டுபோங்கள். தேறியதுபோல் தெரிந்தாலும் கொண்டுபோங்கள்.

செய்யக்கூடாதவையும் உண்டு. உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்கவைப்பது பழைய வழக்கம்; அந்த உப்பே நாயைக் கொல்லலாம். சவர்க்காரத் தண்ணீர், சாணித் தண்ணீர், எண்ணெய் எதையும் தொண்டையில் ஊற்றாதீர்கள். மயங்கிய அல்லது வலிப்பு வந்த நாய்க்கு எது பருக்கினாலும் அது சுவாசப்பைக்குள் போகும். அடுப்புக்கரியை அரைத்துக் கொடுப்பதும் பயனில்லை. வைத்தியர் கொடுக்கும் மருத்துவக் கரி வேறு விதமாகத் தயாரிக்கப்பட்டது. வாந்தி எடுக்கவைக்க வேண்டுமா இல்லையா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

மனிதர் உட்கொண்டால்

பிள்ளையோ பெரியவரோ அலரி, குன்றிமணி, ஆமணக்கு, கார்த்திகைக் கிழங்கு எதையாவது உட்கொண்டதாகச் சந்தேகம் வந்தால் ஒரு கணமும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கதைத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாலும் கொண்டுசெல்ல வேண்டும். அலரி நஞ்சினால் இதயத் துடிப்பு மாறுவது பல மணி நேரம் கழித்தும் நடக்கலாம்.

அலரி யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு பெரிய துயரமாக இருந்தது என்பதை நம் வைத்தியர்களே உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். இங்கு அலரி நஞ்சுக்குள்ளான 170 பேரைப் பற்றிய அவர்களின் ஆய்வு 1988இல் வெளிவந்தது. போரும் இழப்பும் சூழ்ந்த அந்த வருடங்களில் மனமுடைந்த இளையோர் பலரை நாம் இழந்தோம். செம்மறியாட்டின் குருதியிலிருந்து எடுக்கப்படும் ஓர் எதிர்மருந்து அலரி நஞ்சை முறிக்கிறது என்பதை இலங்கையில் நடந்த ஆய்வு நிறுவியது. அது 2000ஆம் ஆண்டு லான்செற் மருத்துவ இதழில் வெளியானது. இதயத் துடிப்பைச் சீராக்கும் வேறு சிகிச்சைகளும் வைத்தியசாலைகளில் உண்டு. நேரத்துக்குக் கொண்டுபோனவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள்.

வீட்டில் ஒருவர் வாழ்வில் வெறுப்புற்றுப் பேசினால் ஏசாதீர்கள், தனியே விடாதீர்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள். பங்குத்தந்தையிடமோ, வைத்தியரிடமோ, தேசிய மனநல உதவி இலக்கமான 1926இலோ கதைக்கலாம். வளவிலுள்ள அலரியை அகற்றுவதும் அவருக்குச் செய்யும் ஓர் உதவியே.

அயலவரும் நாமும்

அரசர்கள் இரண்டாம் நூலின் 4ஆம் அதிகாரத்தில் ஒரு சமையற் சம்பவம் வருகிறது. கில்காலில் பஞ்சம். இறைவாக்கினர் எலிசாவுடன் இருந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்ச ஒருவர் வயலுக்குப் போய்க் காட்டுக்கொடியின் காய்களை மடிநிறையப் பறித்துவந்து அரிந்து போட்டார். அது என்ன காயென்று ஒருவருக்கும் தெரியாது. வாயில் வைத்தவர்கள், பானையில் சாவு இருக்கிறதென்று கத்தினார்கள். எலிசா மாவைக் கொண்டுவரச் சொல்லி அதில் போட்டார், கஞ்சி தீங்கற்றதாயிற்று.

இடம்பெயர்ந்தவர்கள் இந்தக் கதையில் தங்களைக் காணலாம். பஞ்சம், பழக்கமில்லாத நிலம், பெயர் தெரியாத செடி, பலருக்கும் ஒரு பானை. அங்கே பறித்தவரை எவரும் அடிக்கவில்லை; நஞ்சு வைத்தான் என்று குற்றம் சாட்டவும் இல்லை. தெரிந்தவுடன் உரத்துச் சொன்னார்கள், எல்லோரும் நிறுத்தினார்கள், பானையைச் சரிசெய்து எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

நம்முடைய அயலிலும் அப்படிச் செய்யலாம். ஒரு வீட்டில் நாய் செத்தால் அயலிலுள்ள நான்கு வீட்டாரும் சேர்ந்து அன்றே வளவுகளைப் பார்ப்போம். அதன் வாந்தியில் இலையோ கொட்டையோ இருந்ததா? கட்டியிருந்த இடத்தில் என்ன செடி நிற்கிறது? அண்மையில் யார் வேலி வெட்டினார்கள்? குப்பையில் என்ன கிடந்தது? வேலிக்கு அந்தப் பக்கத்தில் அலரி நின்றால் அதை அகற்ற இந்தப் பக்கத்தாரும் கத்தியோடு போகலாம். அந்தப் பாதிநாள் வேலை ஒரு நாயை மட்டுமல்ல, ஓர் அயலையும் காப்பாற்றும். நமது பொதுவான வீட்டைப் பராமரிப்பது பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய திருமடல் பெரிய உலகத்தைப் பற்றிப் பேசுகிறது. அந்த வீட்டின் நம் பங்கு இந்த இரண்டு பரப்பு வளவும் அதில் படுத்திருக்கும் நாயுந்தான்.

அன்பியக் கூட்டங்களிலும் மாதர் சங்கங்களிலும் கலந்துரையாட:

1. உங்கள் வளவில் இந்தப் பாடத்தில் சொல்லப்பட்ட செடிகள் எவை நிற்கின்றன? அவற்றை நட்டவர் யார், ஏன் நட்டார்?

2. உங்கள் ஊரில் காரணம் தெரியாமல் செத்த நாய், ஆடு, மாடு பற்றி ஞாபகம் உண்டா? அதனால் அயலவரிடையே பிணக்கு ஏற்பட்டதா? இன்று அதைப் பேசித் தீர்க்க முடியுமா?

3. உங்கள் பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி இலக்கம் எத்தனை வீடுகளில் எழுதி வைக்கப்பட்டுள்ளது?

4. முன்பள்ளி, கிணற்றடி, ஆலய வளவு ஆகிய பொது இடங்களில் உள்ள அலரியை அகற்ற எந்தச் சனிக்கிழமை சிரமதானம் வைக்கலாம்? அந்த இடத்தில் எதை நடுவீர்கள்?